ஊக்கு அக்காவின் வயிறு

எனக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த வாரம், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்கள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, குரலைக் கீழே இறக்கி. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்று வலியைவிட எரிச்சல்தான் அதிகமானது. நான் செத்தா போய்விட்டேன்? எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் எதிரிலேயே என் வீட்டுக்காரரிடம், "எத்தனை நாளுன்னு ஏதாச்சும் சொன்னாங்களாங்க?" என்று கேட்டாள் ஒருத்தி. "அந்த ரிமோட்டைக் குடுத்துட்டுப் பேசுங்க, சீரியல் போகுது" என்றேன். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.

நான் அப்படிப் பேசுகிறவள்தான். பேசாவிட்டால் என் வேலை நடக்காது. திருப்பூரில் கைக்குழந்தைகளுக்குத் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பனியன் கம்பெனி ஒன்றில் நீடில் ரூமுக்கு நான்தான் பொறுப்பு. தைத்து, செக்கிங் முடிந்து, அயர்ன் ஆகி வரும் ஒவ்வொரு பீஸும் அந்த ரூமில் இருக்கும் டிடெக்டர் மெஷினுக்குள் போய் அந்தப் பக்கம் வந்தால்தான் பெட்டிக்குள் போகும். துணிக்குள் உடைந்த ஊசியின் முனை மாட்டியிருந்தால் மெஷின் கத்தி, அப்படியே நின்றுவிடும். பிறந்து சில மாதமே ஆன பிள்ளை போடுகிற சட்டை அது. அதில் ஊசி முனை இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வரிசையாகத் தையல் மெஷின் போட்டிருக்கும் லைனில் ஊசி உடைந்தால் டைலர் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்து, சேர்த்து வைத்துப் பார்த்து முழு ஊசியாக வந்தால்தான் புது ஊசி கொடுப்போம். கடுகளவு முனை குறைந்தாலும் அந்த பண்டலை நான் நகர விடமாட்டேன். ஷிப்மென்ட் வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, தரையெல்லாம் காந்தத்தை இழுத்துக்கொண்டு தேட வைத்திருக்கிறேன். என் ரூமுக்குள் வருகிறவர்கள் ஹேர்பின், வளையல், சேலையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி வாசலில் இருக்கும் டப்பாவில் போட வேண்டும். அப்புறமும் கையில் பிடிக்கிற சின்ன டிடெக்டரை அவர்கள் மேல் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். அதனால் எனக்கு ஊக்கு அக்கா என்று பெயர். ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள்கூட 'ஊக்கு தீதி' என்று என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

வயிறு ரொம்ப நாளாகவே சரியில்லை. இரண்டு வாய் சாப்பிட்டாலே நெஞ்சுக்குக் கீழே அடைத்துக்கொள்ளும். கேஸ் என்று நினைத்தேன். பனியன் கம்பெனியில் கேஸ் இல்லாதவர் யார்? டீ மட்டும் நேரத்துக்கு வரும், சோறு வராது. மெடிக்கலில் ரோஸ் கலர் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டே காலத்தை ஓட்டினேன். ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆனபோது லைனில் இருந்தவர்கள் அக்கா ஸ்லிம் ஆகிவிட்டார் என்றார்கள், நானும் சிரித்துக்கொண்டேன். வெளிக்குப் போவது தார் மாதிரி கருப்பாகப் போன அன்றைக்குத்தான் பயந்தேன். கோயம்புத்தூருக்குப் போய் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். இரைப்பையின் கீழ்ப்பக்கம் புற்று. வேறு எங்கும் போகவில்லை, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர்.

"எப்பங்க திரும்ப வேலைக்குப் போலாம்?" என்றேன். நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் டையிங்கில், துணிக்குச் சாயம் போடுகிற வேலை செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். பிழைப்பேனா என்று கேட்டிருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு அந்த இரண்டு கேள்வியும் வேறு வேறாகத் தெரியவில்லை. பிழைத்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து ஹார்லிக்ஸ் குடிப்பதற்காக நான் கத்திக்குப் போகவில்லை. என் ரூம் எனக்குத் திரும்ப வேண்டும்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "வயித்தை நீளமாக் கிழிக்கப் போறதில்லைம்மா. சின்னச் சின்னதா அஞ்சு ஓட்டை போடுவோம். உள்ள காத்தை நிரப்பி வயித்தை உப்ப வெச்சுக்குவோம். ஒரு ஓட்டைல கேமரா போகும், மத்ததுல நீளமான கருவிங்க. டிவில பார்த்துட்டே செய்வோம். சீக்கு இருக்கற பக்கத்தையும் சுத்தி இருக்கற நெறிக்கட்டிகளையும் எடுத்துட்டு, மிச்ச வயித்தைச் சிறுகுடலோட சேர்த்துருவோம்."

"எடுத்ததை எப்படிங்க வெளிய கொண்டு வருவீங்க?"

"ஒரு பைல போட்டு, தொப்புள்கிட்ட இருக்கற ஓட்டையை மட்டும் கொஞ்சம் பெருசாக்கி எடுப்போம். வெட்டறதும் தைக்கறதும் ஒரே கருவிதான். வெட்டிட்டே ரெண்டு பக்கமும் வரிசையா பின் அடிச்சுட்டுப் போகும்."

"ஓவர்லாக் மெஷினாட்டங்களா?" என்றேன். அவருக்கு ஓவர்லாக் தெரியவில்லை. துணியின் ஓரத்தை நறுக்கிக்கொண்டே தைத்துக்கொண்டு போகிற மெஷின் என்று சொன்னேன். ஏறக்குறைய அதுதான் என்று சிரித்தார். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "வெளிய காயம் சின்னதுன்னு ஆபரேஷன் சின்னதுன்னு நினைக்காதீங்க. உள்ள அதே பெரிய வேலைதான். நடுவுல சரிப்படலைன்னா வயித்தைத் திறந்துருவேன். அதுக்கும் சம்மதம் வேணும்" என்றார். சுற்றி வளைக்காமல் பேசுகிற ஆளை எனக்குப் பிடிக்கும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் பஞ்சாயத்து கூடிவிட்டது. கத்தி பட்டால் பரவிவிடும் என்று பாதிப் பேர். நாட்டு மருந்து பார்க்கலாம் என்று மீதிப் பேர். பொங்கலூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் அண்ணனுக்குப் பிரச்சினை கத்தி இல்லை, ஓட்டை. "ஏனம்மிணி, அத்தாப் பெரிய சீக்கை இத்துனூண்டு ஓட்டைல எப்படி முழுசா எடுப்பாங்க? நல்லாத் தொறந்து பார்த்து வழிச்செடுக்கச் சொல்லு. காசுக்கு ஆசைப்பட்டுப் பாதியை உள்ளயே உட்டுருவாங்க" என்றான். சொல்லும்போதே அவன் கண் கலங்கியிருந்தது. அதனால் கொஞ்சம் அடக்கித்தான் பேசினேன்.

"மாட்டு வயித்தை நீங்க பாருங்ணா. என்ற வயித்தை அவரு பார்த்துக்குவாரு."

"மாட்டுக்கு வயிறு உப்புனா ஓட்டை போட்டுக் காத்தை வெளிய எடுப்பாங்க. உனக்குக் காத்தை உள்ள உடறாங்களாம். கேக்கறதுக்கே நல்லாயில்லை" என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். முடிவு என்னுடையது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். என் வீட்டுக்காரர், "அவ சொன்னாச் சரிங்க" என்று எழுந்து போய்விட்டார். பஞ்சாயத்து கலைந்தது.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பயமாகத்தான் இருந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. சாயம் ஏறி நீலமாகிப்போன என் வீட்டுக்காரரின் நகங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். கதவு வரை கையை விடவில்லை அந்த மனுஷன்.

கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்தான் அதிகம் வலித்தது. உள்ளே விட்ட காற்று மிச்சம் இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றாள் நர்ஸ். அடுத்த நாளே எழுப்பி நடக்கவிட்டார்கள். ஒரு கையில் டியூப், ஒரு கையில் வீட்டுக்காரர் தோள். வராண்டாவின் கடைசி வரை போய்த் திரும்பினேன். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த அம்மா, "மெதுவாப் போ சாமி, என்ன அவசரம்" என்றார். அவசரம்தான். வேலை கிடக்கிறதே.

எடுத்த பகுதியின் ஓரங்கள் புற்று இல்லாமல் சுத்தமாக இருந்தன. நெறிக்கட்டி ஒன்றிரண்டில் கொஞ்சம் இருந்ததால் சில மாதம் கீமோ போட வேண்டும் என்றார் டாக்டர். போட்டுக்கொண்டேன். வாய் புண்ணானது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, கை காலெல்லாம் மரத்துப்போனது. அதை விவரமாக எழுத எனக்கு விருப்பமில்லை. அதற்கு அந்த மரியாதை வேண்டாம்.

ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரும் மறுபடியும் வந்தார்கள். முன்பு ஐயோ பாவம் என்று வந்தவர்கள், இப்போது வயிற்றில் ஒட்டியிருந்த சின்னச் சின்ன பிளாஸ்திரியைப் பார்த்து ஏமாந்துபோனார்கள். "இவ்வளவுதானா? நாங்க என்னமோன்னு வந்தோம்." நீளமாக ஒரு தையல் இருந்திருந்தால் திருப்தியாகப் போயிருப்பார்கள் போல. வாசல் தாண்டும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது கேட்டது: "அல்சரா இருந்திருக்கும். சும்மா பெருசு பண்ணிட்டாங்க." எழுந்து போய்ச் சண்டை போடத் தெம்பில்லை. அந்தச் சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். முக்கால்வாசி வயிறு போய்விட்டது, மிச்சம் இருப்பது உள்ளங்கை அளவு. கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சாப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அன்பு என்றால் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பது. அண்ணன் ஊத்துக்குளி நெய்யை ஒரு தூக்குப் போசி நிறையக் கொண்டு வந்து, சோற்றில் குழி பறித்து ஊற்றச் சொன்னான். வந்தவர்கள் லட்டை வாயிலேயே ஊட்டினார்கள். ஒரு லட்டு உள்ளே போன சிறிது நேரத்தில் வேர்த்து ஊற்றி, நெஞ்சு படபடத்து, தலை சுற்றிப் படுத்துவிட்டேன். இனிப்பு நிற்காமல் நேராகக் குடலுக்கு ஓடினால் அப்படி ஆகுமாம். அன்றிலிருந்து தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொள்ளப் பழகினேன். "ஒரு வாயி, எங்களுக்காக" என்று கெஞ்சுவார்கள். "உங்களுக்காக நீங்க சாப்புடுங்க" என்பேன். வீட்டுக்காரர் மட்டும் கெஞ்சாமல், சின்னச் சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் எடுத்து வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போவார்.

கீமோ நடுவில் இருமல் வந்தது. திருப்பூரிலேயே ஒரு லேபில் எக்ஸ்ரே எடுத்தோம். வீட்டுக்கு வந்து ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெஞ்சு எலும்பு தெரிந்தது. அதற்குக் கீழே, என் வயிறு இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளை வெளேரென்று பொடிப் பொடியாகக் கம்பிகள். அரிசியைவிடச் சின்னது, வரிசையாக. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வேறு யாருக்கும் அது என்னவென்று தெரியாமல் இருக்கலாம். வாழ்நாளெல்லாம் துணிக்குள் உடைந்த இரும்பைத் தேடியவளுக்குத் தெரியாதா? உள்ளே ஊசியை விட்டுத் தைத்துவிட்டார்கள்.

"போன் பண்ணிக் கேக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். போனில் கேட்கிற விஷயமா இது? தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு அப்போதே கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். அவரும் ஓடி வந்து ஏறிக்கொண்டார். டாக்டர் ரூமில் நாற்காலியில் உட்காராமலே ஃபிலிமை மேஜை மேல் போட்டேன்.

"எங்க கம்பெனில ஊசி முனை ஒடஞ்சா, அது கெடைக்கற வரைக்கும் லைனையே நிறுத்துவேனுங்க. கொழந்தை சட்டைக்கே அப்படி. உங்க தேட்டர்ல எண்ணிப் பார்க்கற வழக்கமே இல்லீங்களா?"

டாக்டர் ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தார். அவர் வாய் ஓரம் துடித்தது. "உக்காருங்கம்மா" என்றார். "துணியைத் தெச்சு முடிச்சதும் நூலை உருவி எடுத்துருவீங்களா?"

"அதெப்படிங்க உருவறது?"

"இதுவும் அதான். இதுதான் உங்க தையல். அங்கயேதான் இருக்கும். டைட்டானியம், துருப் பிடிக்காது, காந்தத்துல ஒட்டாது. உங்களை ஒண்ணும் பண்ணாது. பின் அடிப்போம்னு முன்னாடியே சொன்னேனே."

"உள்ளயே கெடக்கும்னு சொல்லலீங்களே."

"நீங்க அதுக்குள்ள ஓவர்லாக்குக்குப் போயிட்டீங்க" என்றார். வெளியே நின்றிருந்த நர்ஸ்வரை எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. பஸ்ஸில் வரும்போதும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தார். நானும் இந்தக் கதையை அடக்கி வைக்கவில்லை. கம்பெனிப் பெண்கள் போன் செய்தபோதெல்லாம், "ஊக்கு அக்கா வயித்துக்குள்ளயே ஊக்கு இருக்குது" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

கீமோ முடிந்து, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்து, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு கம்பெனிக்குப் போனேன். இனிமேலும் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். திரும்ப வராது என்று யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. அதற்காக வீட்டில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மேனேஜர் மதுரைப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை. எழுந்து நின்று வரவேற்றார். "என்னக்கா, ஆளே பாதியாயிட்டீங்க. ஒண்ணும் கவலைப்படாதீங்க. லேபிள் ரூம்ல உங்களுக்குன்னு சேர் போட்டு வெச்சிருக்கேன். ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டே லேபிளைப் பிரிச்சுக் குடுத்தாப் போதும்."

அதே முகம். தலை சாய்ந்து, குரல் இறங்கி.

"என்ற ரூமு என்னாச்சுங்க?"

அவர் பேனாவை உருட்டினார். "உங்க வயித்துக்குள்ள பின் இருக்குன்னு லைன்ல எல்லாரும் பேசிக்கிறாங்க. நீடில் ரூம் மெட்டல் ஃப்ரீ ஏரியாக்கா. ஆடிட்ல கேட்டாய்ங்கன்னா நான் என்ன சொல்றது? ரூல் போட்டதே நீங்கதான."

வேறு எவளாவது வயிற்றில் கம்பியோடு வந்து என் வாசலில் நின்றிருந்தால், நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். யாருக்காகவும் அந்த ரூலைத் தளர்த்தியதில்லை. எனக்காகத் தளர்த்தச் சொல்லிக் கெஞ்சவும் வாய் வரவில்லை. ஆனால் லேபிள் ரூம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் நான் எழுந்திருக்கவே மாட்டேன் என்பதும் எனக்குத் தெரிந்தது. வாழ்க்கை முழுக்க எல்லோரும் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

"ரூலை மாத்த வேண்டாமுங்க சார். ரூல்படியே பார்த்துருங்க. மெஷின் கத்துச்சுன்னா லேபிள் ரூமுக்குப் போயிர்றேன், இதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

நீடில் ரூம் வாசலில் லைனே வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது. சேலை ஊக்கைக் கழற்றினேன். புதிதாய் முளைத்திருந்த முடியில் குத்தியிருந்த ஹேர்பின்னைக் கழற்றினேன். டப்பாவில் போட்டேன். கை டிடெக்டரை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தேன். "மொதல்ல அது வேலை செய்யுதான்னு பாருங்க" என்று, பொடி இரும்புக் குண்டு வைத்த டெஸ்ட் அட்டையை நீட்டினேன். கீ என்று கத்தியது. சரியாகத்தான் இருந்தது.

அப்போது உண்மையிலேயே பயந்தேன். ஆபரேஷனுக்குப் போனபோது பயந்ததைவிட அதிகம். எங்கள் மெஷின் காந்தத்தில் ஒட்டுகிற இரும்பைத்தான் பிடிக்கும், இது காந்தத்தில் ஒட்டாது என்று டாக்டர் சொன்னார், சரி. அவர் எங்கள் மெஷினைப் பார்த்தாரா? கடுகளவு முனையையே விடாத மெஷின் அது. சேலை முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

மேனேஜர் டிடெக்டரை என் வயிற்றுக்கு நேரே கொண்டு வந்தார். மேலிருந்து கீழே. சத்தம் இல்லை. அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, விலக்கிக்கொள்ளப் போனார்.

"அவசரப்படாதீங்க. இன்னொருக்கா, மெதுவா."

இடமிருந்து வலம், ஓட்டை போட்ட இடம் ஒவ்வொன்றிலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். தொப்புளுக்கு மேல், அந்த வரிசை இருக்கும் இடத்தில், நானே அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். மெஷின் வாயே திறக்கவில்லை. பின்னால் ஒடிசாப் பெண் ஒருத்தி மூச்சை விடுகிற சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை யாருக்கும் காட்டாமல் உள்ளே போய் என் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"சரிக்கா, சரி. நீங்களே பாருங்க" என்று சிரித்துக்கொண்டே மேனேஜர் என் பின்னால் ரூமுக்குள் காலை வைத்தார்.

"நில்லுங்க சார்" என்றேன். டிடெக்டரை வாங்கி அவர் மேல் ஓட்டினேன். இடுப்புக்கு வந்ததும் கீ என்று ஊரே கேட்கிற மாதிரி கத்தியது. "பெல்ட்டைக் கழட்டி டப்பால போட்டுட்டு வாங்க."

லைன் முழுக்கச் சிரித்தது. அவர் கழற்றினார். ரூல்படி கழற்றித்தான் ஆக வேண்டும்.

"இன்னொண்ணுங்க சார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நான் வெளிய போய்ச் சாப்புட்டு வருவேன். அந்த நேரத்துக்கு மெஷினை நிறுத்திருவேன். வண்டி வந்து நின்னாலும் நிக்கட்டும்."

ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் சரி என்று தலையாட்டினார். இந்தத் தடவை தலை சாயவில்லை. நான் மெஷினைப் போட்டு, முதல் சட்டையை எடுத்து வைத்தேன்.